சைபீரியா வழியாகத் தாஷ்கண்ட்

மஸ்தூரா ஓட்டிய டிராலி பஸ்ஸில், கண்ணாடிக்கு மேலே ஒரு தகரப் பலகை இருந்தது. வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது என்று தாஜிக்கிலும் ரஷ்ய மொழியிலும் எழுதியிருக்கும். பணிமனை மேலாளர் அதைக் காட்டிப் பலமுறை கண்டித்தார். மஸ்தூரா அசரவில்லை.

"பயணிங்க என்கிட்ட பேசக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? நான் அவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு எங்க சார் போட்டிருக்கு?"

துஷான்பேயின் பெரிய சாலையில், சினார் மரங்களின் நிழலில், கூரையிலிருந்து இரண்டு நீளக் கம்பங்கள் மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு வர, அவளுடைய வண்டி விமான நிலையத்துக்கும் சந்தைக்கும் இடையே ஓடும். இருபது வயதில் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவள். நிலையத்துக்குப் போகும் பயணிகளில் பெட்டி வைத்திருப்பவர் யாராவது முன் இருக்கையில் உட்கார்ந்தால் போதும், கண்ணாடியில் பார்த்தபடியே ஆரம்பித்துவிடுவாள்.

"எந்த ஊருக்கு? எவ்வளவு நேரம் பறக்கணும்? மேல ஏறினதும் காது அடைக்குமாமே, நெசமா? கீழ என்ன தெரியும்?"

அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் அதில் ஏறியவர்களை எல்லாம் விசாரித்து முடித்திருந்தாள்.

இதில் தாஷ்கண்ட் மட்டும் தனி. அவளுடைய தம்பி நிஜோம் அங்கேதான் இருந்தான். பல் கட்டும் வேலை படிக்கப் போனவன், தங்கப்பல் செய்வதில் கை தேர்ந்து, அங்கேயே ஹிலோலா என்ற உஸ்பெக் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அந்த நாளில் இரண்டு ஊரும் ஒரே நாட்டில் இருந்தன. சின்ன ஜெட் விமானம் ஒன்று பக்கத்து ஊர் பஸ்போல வந்து போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் தாஷ்கண்டில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும் நிஜோம், அந்தச் சூடு வயிற்றில் ஆறுவதற்குள் துஷான்பேயில் அக்கா வண்டியின் முன் இருக்கையில் வந்து உட்கார்வான்.

"இவ்வளவு சீக்கிரமா வந்துட்ட?"

"ஒரு மணி நேரம்கூட இல்ல அக்கா. மலைமேல ஏறுது, அந்தப் பக்கம் இறங்குது. அவ்வளவுதான். நீயும் ஒரு தடவை வாயேன்."

"வர்றேன்டா. எங்க ஓடிப்போகுது உன் ஊரு? பக்கத்துலதானே இருக்கு."

பக்கத்தில்தானே என்ற அந்த நினைப்புதான் அவளைப் போகவிடாமல் செய்தது. தூரமான ஊராக இருந்திருந்தால் லீவு எழுதிக் கொடுத்துப் போய்விட்டு வந்திருப்பாள். பக்கத்தில் இருந்ததால் இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனாள். பிள்ளைக்கு அம்மை வந்தது. கணவர் ஹைதர், பணிமனையில் மின்கம்பி பழுது பார்ப்பவர், ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இப்படியே ஆறேழு வருஷம் ஓடிப்போனது.

பிறகு அந்த ஒரே நாடு பல நாடாகப் பிரிந்தது. துஷான்பேயில் சண்டை மூண்டது. தாஷ்கண்ட் விமானம் நின்றது. சண்டை ஓய்ந்த பிறகு மற்ற ஊர் விமானங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன; தாஷ்கண்ட் விமானம் மட்டும் வரவே இல்லை. இரண்டு அரசுகளுக்கும் ஆகவில்லை என்றார்கள். எல்லையில் கம்பி வேலி போட்டார்கள். போவதற்கு விசா வேண்டும் என்றார்கள்.

மஸ்தூராவுக்கு அரசாங்கச் சண்டை புரியவில்லை. புரிந்ததெல்லாம் அப்பா இறந்தபோதுதான். காலையில் போன உயிர். வழக்கப்படி அன்றே அடக்கம். போனில் செய்தி கேட்ட நிஜோம் அழுதுகொண்டே கிளம்பினான். டாக்சி, எல்லையில் வரிசை, அப்புறம் கைப்பெட்டியோடு நடை, மறுபடி லாரி, இரண்டு மலைக் கணவாய்கள். அவன் வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள் துக்கத்துக்குச் சமைத்த அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தூசி படிந்த முகத்தோடு வாசலிலேயே நின்றான்.

"அப்பா முகத்தைப் பாக்கலையே அக்கா" என்றான்.

அவள் அவன் கைப்பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அன்று இரவு மகனுடைய பள்ளி வரைபடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துஷான்பேயில் கட்டைவிரலை வைத்தாள். விரல் நுனி தாஷ்கண்டைத் தொட்டது.

"ஏங்க, இங்க பாருங்களேன். ஒரு விரல்கூட முழுசா இல்ல. ஊரு நகரவே இல்லையே. அப்புறம் எப்படி இவ்வளவு தூரமா போச்சு?"

"படத்துல மலை தெரியாது, போலீசும் தெரியாது. மூடி வச்சுட்டுத் தூங்கு" என்றார் ஹைதர்.

அவள் மூடி வைத்தாள். ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை. வண்டியில் ஏறும் பெட்டிக்காரர்களிடம் இப்போது ஒரு கேள்வி கூடியது. "தாஷ்கண்ட் போகணும்னா எப்படிப் போவீங்க?" ஒருவர் இஸ்தான்புல் போய்த் திரும்பி வருவேன் என்றார். ஒரு வியாபாரி மாஸ்கோ வழி என்றார். ஒரு பேராசிரியர், அல்மாட்டியில் ஒரு இரவு தங்கினால் மலிவு என்று விளக்கினார். ஒவ்வொரு பதிலுக்கும் மஸ்தூரா விழுந்து விழுந்து சிரிப்பாள். அடுத்த வீட்டில் உப்பு வாங்க ஊரைச் சுற்றிப் போகிற கதையாக இருந்தது அவளுக்கு.

அவளே அப்படிப் போக வேண்டி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

ஒரு குளிர்காலத்தில் நிஜோம் போன் செய்தான். மூத்த மகள் நஃபிசாவுக்குக் கல்யாணம்.

"அக்கா, அத்தை இல்லாம எப்படிக் கல்யாணம்? பொண்ணு வாசப்படி தாண்டும்போது தலைக்குமேல ரொட்டி புடிக்கிறது யாரு? ஹிலோலா பக்கத்துல முப்பது பொம்பளைங்க வந்து நிப்பாங்க. என் பக்கத்துல யாருமில்லன்னா நல்லாவா இருக்கும்?"

"விசா?"

"அழைப்புக் கடிதம் அனுப்பியாச்சு. நீ வந்துதான் ஆகணும்."

விசா வந்தது, தாமதமாக வந்தது. அதற்குள் மலையில் பனி கொட்டி, வடக்கே போகும் சாலையில் கணவாயை மூடிவிட்டார்கள். ரயிலில் போகலாம் என்றால் அது தெற்கே இறங்கி இன்னொரு நாட்டுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டு போகும். அந்த நாட்டு விசா தனி. ஹைதர் இரண்டு நாள் பயணச்சீட்டுக் கடைகளில் ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் மாலை வந்து தொப்பியைக் கழற்றி வைத்தார்.

"வழி கெடச்சிருச்சு. ஆனா சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நோவோசிபிர்ஸ்க்."

"சைபீரியாவா?"

"சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல. இங்கேருந்து அங்க விமானம் இருக்கு. அங்கேருந்து தாஷ்கண்டுக்கும் இருக்கு. ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேர்ந்துடுவ."

மஸ்தூரா சிரிக்கவில்லை. அவள் கண்கள் விரிந்துவிட்டன. ஒரே வீச்சில் முதல் விமானம், முதல் வெளிநாடு, முதல் சைபீரியா. கல்யாணக் கவலையைத் தாண்டி அவளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. அதை வெளியே காட்டிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

விமானத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் ரஜபலி என்று ஒரு கனத்த ஆள். நோவோசிபிர்ஸ்க் சந்தையில் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் திராட்சையும் விற்பவர். பெல்ட் போடுவதற்குள் மஸ்தூரா அவருடைய குடும்ப விவரம் முழுவதையும் கேட்டு முடித்திருந்தாள். விமானம் ஏறியது. காது அடைத்தது. அது நிஜம்தான் என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். ஹிசார் மலைகள் வெளுத்துப்போய் வரிவரியாகக் கீழே கிடந்தன. நிஜோம் சொன்னபடி விமானம் மலைக்கு அந்தப் பக்கம் வந்தது. ஆனால் இறங்கவில்லை.

திடீரென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. ரஜபலியைத் தட்டினாள்.

"அண்ணே, நாம வடக்கதானே போறோம்?"

"வடக்கதான். சைபீரியா என்ன தெக்கயா இருக்கு?"

"அப்ப தாஷ்கண்ட் வழியில வராதா?"

ரஜபலி வாயில் போட்ட பாதாம்பருப்பை மெல்வதை நிறுத்தினார். இருபது வருஷமாக அந்த வழியில் போய் வருகிறார். அப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. டீ கொண்டு வந்த பணிப்பெண்ணை மஸ்தூரா நிறுத்தினாள்.

"பாப்பா, தாஷ்கண்ட் எப்ப வரும்?"

"அம்மா, இது நோவோசிபிர்ஸ்க் போற விமானம்" என்றாள் அந்தப் பெண் பதறிப்போய்.

"அது தெரியும்மா. தாஷ்கண்டத் தாண்டித்தானே போகணும்? எப்பத் தாண்டும்னு பைலட்டைக் கேட்டுச் சொல்லேன். என் தம்பி அங்க இருக்கான்."

பணிப்பெண் சிரித்துக்கொண்டே முன்னே போனாள். சற்று நேரத்தில் திரும்பி வந்து குனிந்து சொன்னாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல இடது பக்கம் பாக்கச் சொன்னாரு. நேர் மேல போகாதாம், ஓரமா போகுமாம். இன்னைக்கு மேகம் இல்ல, தெரியுமாம்."

மஸ்தூரா இடது பக்கத்தில்தான் இருந்தாள். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள். பழுப்பு வயல்கள், வெள்ளி நூல்போல ஒரு ஆறு, அதற்கப்பால் புகை மூட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கறை. அங்கங்கே ஏதோ மினுங்கியது.

"அதுவா?"

"அதாத்தான் இருக்கணும். அவ்வளவு பெரிய ஊரு இங்க வேறென்ன இருக்கு?" என்றார் ரஜபலி. அவரும் இப்போது அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கறைக்குள் எங்கேயோ நிஜோம் மேசை முன் உட்கார்ந்து, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, யாருடைய கடைவாய்ப் பல்லையோ அரத்தால் தேய்த்துக்கொண்டிருப்பான். ஹிலோலா கல்யாண மெத்தைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருப்பாள். மஸ்தூரா கையை உயர்த்தி, ஜன்னலுக்கு நேரே ஆட்டினாள். பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஊர் பின்னால் நழுவிப் போனது. விமானம் ஒன்றும் தெரியாததுபோல வடக்கே போய்க்கொண்டிருந்தது.

"இங்கேயே எறக்கி விட்டுட்டா என்னவாம்?" என்றாள்.

"குதிச்சிருங்க, கீழ பிடிச்சுக்குவாங்க" என்றார் ரஜபலி.

நோவோசிபிர்ஸ்கில் மூச்சு விட்டால் மீசை உறையும் குளிர். மறுநாள் காலை தாஷ்கண்ட் விமானம். ஆனால் மறுநாள் காலையில் வானமும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. பனிப்புயல். எந்த விமானமும் கிளம்பாது என்று அறிவித்தார்கள். எப்போது கிளம்பும் என்பதற்கு அவர்களிடம் பதிலில்லை. மஸ்தூரா நிலையத்தில் இரவைக் கழித்த அதே பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். மணப்பெண்ணுக்கென்று கொண்டு வந்த பட்டுத் துணியும் உலர்ந்த மல்பெரியும் அதில் இருந்தன. பார்த்துவிட்டு மூடினாள். அழலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ரஜபலி கொடுத்த போன் எண் ஞாபகம் வந்தது.

அவர் தன் மனைவி தாய்சியாவோடு வந்து அழைத்துக்கொண்டு போனார். தாய்சியா ரஷ்யக்காரி, கைகாலெல்லாம் பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. மஸ்தூராவின் மெல்லிய கோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதென்ன, ஜன்னல் திரையா?"

தன்னுடைய ரோமக் கோட்டையும், முழங்கால் வரை வரும் கம்பளிப் பூட்சையும் கொடுத்தாள். கோட்டுக்குள் இன்னொரு மஸ்தூரா நுழையலாம் போலிருந்தது.

புயல் அன்றும் ஓயவில்லை. கல்யாண நாளும் வந்தது. போனில் நிஜோமிடம் சொன்னபோது அவன், "சரி அக்கா. ஜாக்கிரதையா இரு" என்றான். அந்தச் சின்ன வார்த்தைதான் அவளை அறுத்தது. அவன் கத்தியிருந்தால் தேவலை.

சோர்ந்து உட்கார்ந்திருந்தவளைத் தாய்சியா வெளியே இழுத்துப் போனாள். தெருமுனையில் ஒரு டிராலி பஸ் பனிக்குள்ளிருந்து மெல்ல எழுந்து வந்தது. மஸ்தூரா நின்றுவிட்டாள். தன்னுடைய வண்டியேதான், ஆனால் மூக்கு முழுக்கப் பனிக்கட்டி, மேலே கம்பியில் நீலப் பொறி பறக்கிறது. ஏறி நேராக முன்னால் போனாள். ஓட்டுநர் நடுத்தர வயதுப் பெண். இங்கேயும் தலைக்கு மேலே அதே பலகை. மஸ்தூரா அதைப் படித்துவிட்டுப் படிக்காததுபோலக் கேட்டாள்.

"கம்பியில ஐஸ் புடிச்சா என்ன பண்ணுவீங்க? கம்பம் நழுவாதா? எறங்கி மாட்டும்போது கை ஒட்டிக்காதா?"

"நீங்க யாரு?"

"நானும் இதான் ஓட்டுறேன். துஷான்பேயில."

அந்தப் பெண் திரும்பி ஒருமுறை பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த மடக்கு இருக்கையை விரித்துப் போட்டாள். இருவரும் கடைசி நிறுத்தம்வரை பேசிக்கொண்டே போனார்கள். ஐஸ் பிடித்த கம்பியில் எப்படிச் செல்வது, இறங்கும்போது பிரேக்கை எப்படித் தடவித் தடவி மிதிப்பது என்று மஸ்தூரா ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தம்பி மகளின் கல்யாணம் நடக்கிற நேரத்தில் தான் இப்படிச் சந்தோஷமாக இருக்கிறோமே என்று திரும்பி வரும்போதுதான் உறைத்தது. தாய்சியாவிடம் அதைச் சொன்னாள்.

"நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா மட்டும் புயல் நின்னுருமா?" என்றாள் தாய்சியா.

அடுத்த நாள் விடியற்காலையில் விமானம் கிளம்பியது. தாஷ்கண்ட் நிலையத்துக்கு வெளியே வந்தபோது ஒரு வழுக்கைத் தலையன் அவளை நோக்கி வந்தான். அவள் ஒதுங்கி வழி விட்டாள்.

"அக்கா, என்னையே தெரியலையா?"

"டேய் நிஜோம்! முடியெல்லாம் எங்கடா?"

"உன்ன எதிர்பார்த்து எதிர்பார்த்து கொட்டிப்போச்சு." அவன் சிரித்தான். அவள் பையை வாங்கிக்கொண்டான். "நேத்து வந்திருக்கணும் அக்கா."

"நேத்தென்ன, மூணு நாளைக்கு முன்னாடியே வந்தேன்டா. மேலேயே போயிட்டேன். கைகூட ஆட்டினேன்."

காரில் ஏறியதும் மாப்பிள்ளை வீட்டுக்கு விட்டான். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் மணப்பெண் புகுந்த வீட்டு முற்றத்தில் நின்று, வந்த உறவினர் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொல்லும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் பாட்டாகப் பெயர்களை அழைத்தாள். முகத்திரைக்குள் நஃபிசா குனிந்து குனிந்து எழுந்தாள். அப்போதுதான் மஸ்தூரா உள்ளே நுழைந்தாள். தாஷ்கண்டில் அன்று இளவெயில். பெண்களெல்லாம் பட்டில் மின்னினார்கள். இவள் முழங்கால்வரை கம்பளிப் பூட்ஸ், கணுக்காலைத் தொடும் ரோமக் கோட்டு. முற்றத்தில் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

நிஜோம் பாடகியின் காதில் ஏதோ சொன்னான். அவள் குரலெடுத்தாள். துஷான்பேயிலிருந்து வந்த அத்தைக்கு வணக்கம்!

நஃபிசா குனிந்தாள். நிமிரும்போது திரையை விலக்கிப் பார்த்துவிட்டாள். அப்படிப் பார்க்கக் கூடாது. பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. பிறகு முற்றமே சிரித்தது. மஸ்தூரா அவள் தலைக்கு மேலே ரொட்டியைப் பிடித்தாள். புகுந்த வீட்டு வாசலில் பிடித்தாலும் பரவாயில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய் டீக்கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கேட்டாள். "சம்பந்தி, உங்க ஊரு ரொம்ப தூரமோ?"

"இல்லம்மா. ஒரு மணி நேரம்கூட இல்ல. வர நாலு நாளாச்சு."

அந்த அம்மாள் விழிப்பதைப் பார்த்து நிஜோம் பேச்சை மாற்றினான். மாலையில் அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவன், இரண்டு பல் விழுந்து கிடப்பதைக் கண்டு திட்டித் தீர்த்தான். அவள் ஊர் திரும்பும் முன் இரண்டையும் தங்கத்தில் கட்டி விட்டான். அவள் திரும்பிப் போன வழியும் அதே சைபீரியாதான். கோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

அதற்குப் பிறகு ஏழு வருஷம். மஸ்தூரா அதே வண்டியில், அதே தடத்தில். ஒரு வசந்த காலக் காலையில், விமான நிலையம் போகும் டிரிப்பில், சின்னக் கைப்பை மட்டும் வைத்த ஒருவர் முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"எந்த ஊருக்கு?"

"தாஷ்கண்ட்."

"எது வழியா?"

"எது வழியாவும் இல்ல. நேரா. இன்னைலேருந்து விட்டிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

ஊரில் பேச்சு அடிபட்டது அவளுக்கும் தெரியும். இப்படித்தான் வருஷா வருஷம் பேச்சு அடிபடும்; அவள் நம்புவதை விட்டிருந்தாள். இப்போது கண்ணாடியில் அந்த மனிதரின் சிறிய கைப்பையைப் பார்த்தாள். சைபீரியா போகிறவன் அந்தப் பையோடு போகமாட்டான். பார்த்துக்கொண்டே இருந்தவள் வளைவைக் கவனிக்கவில்லை. மேலே படீரென்று சத்தம். இரண்டு கம்பங்களும் கம்பியை விட்டுத் துள்ளி எழுந்தன. வண்டி செத்துப்போய் நடுச்சாலையில் நின்றது. பின்னால் ஹாரன்கள்.

ஏணி வண்டியோடு வந்தவர் ஹைதரேதான். "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீ கம்பிய விட்டதில்லையே. என்னாச்சு?"

"ஏங்க, தாஷ்கண்ட் திரும்பி வந்துருச்சு" என்றாள். கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைப்பைக்காரர் விமானத்தைத் தவறவிடக் கூடாதென்று அவரை ஹைதரின் ஏணி வண்டியிலேயே ஏற்றி அனுப்பினாள்.

கோடையில் அவளும் ஹைதரும் போனார்கள். விசா எடுப்பதும் வரிசையில் நிற்பதும் பழையபடிதான். விமானத்தில் மறுபடியும் ஜன்னலோரம். மலை வந்தது. டீ கொடுத்தார்கள். அவள் பாதி குடிப்பதற்குள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்கள். இறங்கப் போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள். கீழே அதே ஆறு, அதே ஊர். இந்த முறை அது பெரிதாகிக்கொண்டே வந்தது. வீடுகள் தெரிந்தன, காயப்போட்ட துணி தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். மஸ்தூரா தட்டவில்லை. அவள் முகம் சிவந்திருந்தது.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?" என்றார் ஹைதர்.

"இவ்வளவுதானாங்க?" என்றாள். "இவ்வளவுதானா இருந்துச்சு நடுவுல? எங்கப்பா முகத்தப் பாக்க வந்தவன் மூணு நாள் மலையேறி வந்தானே. அந்த டீ இன்னும் சூடாவே இருந்துச்சுங்க."

எல்லோரும் இறங்கிய பிறகும் ஹைதர் அவள் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுத்தம் செய்ய வந்த பெண் துடைப்பத்தோடு வந்து நின்றதும்தான் இருவரும் எழுந்தார்கள்.

அடுத்த வருஷம் விசாவும் போயிற்று. நிஜோம் இப்போது நினைத்தால் வருகிறான். துஷான்பேயில் அவனுக்குப் பல் கட்டிக்கொள்ளும் வாடிக்கையாளர்கள்கூடச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா வீட்டு மேசையில் அரத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு வேலை செய்கிறான். அடிக்கடி வந்தால் என்ன ஆகும் என்பதையும் அக்காளும் தம்பியும் கண்டுகொண்டார்கள்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நிஜோம் வந்திருக்கிறானே என்று மஸ்தூரா ஆட்டுக்கறி போட்டு ஓஷ் என்கிற புலாவ் சமைத்தாள். அரிசியைப் போடும் நேரத்தில் அவன் அடுப்பருகே வந்து ஒரு கை உலர்ந்த திராட்சையை எடுத்து அண்டாவில் போடப் போனான்.

"எடுடா கைய! ஓஷ்ல எவனாவது திராட்சை போடுவானா?"

"தாஷ்கண்டுல எல்லாரும் போடுறாங்க அக்கா. நல்லா இருக்கும்."

"தாஷ்கண்டுல போடட்டும். இது எங்க வீட்டு அண்டா. அம்மா போட்டாளா?"

"அம்மாவுக்குத் தெரியாது, போடல."

"அம்மாவுக்கா தெரியாது?"

அவ்வளவுதான். ஹைதர் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தப் பார்த்து, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பத்து வருஷம் பார்க்காமலிருந்து பார்த்தபோது ஒரு சுடுசொல் சொல்லாத இருவரும், ஒரு பிடி திராட்சைக்காக வாசல்வரை கேட்கும்படி கத்தினார்கள். நிஜோம் அரங்களைப் பெட்டியில் போட்டு மூடினான்.

"நான் போறேன். சாயங்காலம் ஒரு பிளேன் இருக்கு."

"போ. யாரு புடிச்சு வச்சா?"

போயே விட்டான். மஸ்தூரா ஓஷை இறக்கினாள். தட்டில் பரிமாறினாள். ஹைதர் தலை குனிந்து சாப்பிட்டார். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள், இறங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியபோது விமானம் ஒன்று மலைப் பக்கமாக ஏறிப்போகும் சத்தம் கேட்டது.

"கோவிச்சுக்கிட்டுப் போறதுக்குக்கூடப் பிளேன் விட்டிருக்கானுங்க" என்றார் ஹைதர்.

மஸ்தூராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் பாத்திரங்களைக் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன்" என்றான், இன்னும் முறைப்பாகவே.

"சாப்டியா?"

"எங்க சாப்பிட்டேன்? நீதான் துரத்தி விட்டியே."

"நாளைக்குக் காலைல பிளேன் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப வா. சூடு பண்ணி வைக்கிறேன்."

மறுமுனையில் ஹிலோலா ஏதோ கேட்பதும், வண்டிகளின் சத்தமும் கேட்டன.

"திராட்சை?" என்றான்.

"உன் தட்டுல மட்டும் போட்டுத் தர்றேன், வந்து தொலை" என்றாள் மஸ்தூரா.